சுவரில் இருந்த சேற்றுக்கோடு

வெருகலில் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்துபோனது மார்கழியில். நாலு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு நானும் மருமகளும் திரும்பி வந்தபோது, நாங்கள் சமைக்கிற குசினியின் பின்சுவர் விழுந்து கிடந்தது. மற்றச் சுவர்களில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு, கயிறு பிடித்துக் கீறியதுபோல நேராக.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டைக் கட்ட வங்கியில் கடன் எடுத்தபோது, வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி போட்டிருந்தான். சேதத்தை ஆள் வந்து பார்க்கும் என்று காப்புறுதிக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். நாட்கள் போயின, ஒருவரும் வரவில்லை. பொங்கல் வந்துவிட்டது.

"மாமி, அவையள் வந்து பாக்குமட்டும் சுவரில கை வைக்காம இருப்பம்" என்றாள் மருமகள்.

"சேத்துச் சுவருக்கு முன்னால பானை வைக்கச் சொல்லுறியே? எனக்கு ஏலாது."

கழுவியும் கறை போகவில்லை. இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தோம். வீடு கல்யாண வீடுபோல ஆனது. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்த கிழமை காப்புறுதிக்காரர் வந்தார். மகனைவிட வயது குறைந்தவர். எங்கள் ஊருக்கு அரசாங்க அலுவல் பார்க்கிற விதானையாரின் கடிதமும் வேண்டும் என்று அவரையும் கூட்டிவந்திருந்தார்.

"அம்மா, தண்ணி எதுமட்டும் வந்தது?"

"நெஞ்சுமட்டும், தம்பி."

அவர் சுவரைப் பார்த்தார். "அடையாளம் ஒண்டையும் காணேல்லையே."

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சனாங்கள்."

"எல்லாரும் நெஞ்சுமட்டும் எண்டுதான் சொல்லுகினம். போன கிழமை ஒருத்தர் கழுத்துமட்டும் எண்டார். பாத்தா அவற்ற பாய்கூட நனையேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். குசினிச் சுவரையும் தண்ணீர்தான் விழுத்தியது என்று தன்னால் எழுத முடியாது என்றார். சுவர் தானாக விழுந்ததாக இருக்கலாமாம்.

இந்த வயதில் என்னை ஒருவர் பொய்க்காரி என்று சொல்லாமல் சொன்னது அன்றைக்குத்தான். கத்தியை எடுத்துவந்தேன். சுவரில் தண்ணீர் தெளித்து, நடு அறையில் ஒரு முழ நீளத்துக்குச் சுரண்டினேன். சுண்ணாம்பு கட்டிகட்டியாக விழுந்தது. அடியில் கோடு அப்படியே இருந்தது.

"இப்ப எழுதுங்கோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்தார். அதுவரை வாசலில் நின்ற விதானையார் உள்ளே வந்து, நிலத்திலிருந்து கோடுவரைக்கும் நாடா பிடித்து அளந்தார்.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம், அம்மா" என்றார்.

"ஏன்?"

"இந்த உயரத்துக்குத் தண்ணி வந்த வீடுகளில இனி ஒரு கல்லும் புதுசா வைக்க விட வேண்டாமெண்டு அரசாங்கக் கந்தோரில சொல்லியிருக்கினம். கண்ணால கண்டபிறகு நான் எழுதத்தானே வேணும்."

"அப்ப குசினி?"

"மேட்டுப் பக்கம் காணி தருவினம்."

"எப்ப?"

"அது எனக்கும் தெரியாது."

காப்புறுதிப் பணம் வந்தது. அது வங்கியில் கிடக்கிறது. கட்டினால் இடிப்பார்கள். வீட்டை விற்று வேறிடம் போகலாம் என்றால், வீட்டு உறுதிப் பத்திரம் கடனுக்கு ஈடாக வங்கியிடம் இருக்கிறது. பத்திரம் கையில் இருந்தாலும் இந்தக் காணியை யார் வாங்குவார்? மேட்டுக் காணிக்கு என் பெயரை எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்த முழு எழுத்தும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

சுரண்டாமல் விட்டிருக்கலாம் என்று மருமகள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

குசினிக்கு இப்போது மூன்று சுவர். நாலாவது பக்கம் தறப்பாள் கட்டியிருக்கிறோம். ஆறு அந்தப் பக்கம்தான். அடுத்த கார்த்திகையும் பிறந்து, இரண்டு நாளாக விடாத மழை. இன்று காலை மருமகள் அரிசி மூட்டையை அலுமாரிக்கு மேல் ஏற்றினாள்.

"மாமி, நீங்களும் உடுப்பைக் கட்டுங்கோ."

கட்டி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குத்தான், வேறு எங்கே போவது.