புகார்னு எழுதவா?

மாங்காய்த் துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டுதான் பெர்லிங் தொலைபேசியை எடுப்பார். மாங்காயைத் தொட்டுத் தின்னும் இறால் விழுது வலது கையில் ஒட்டியிருக்கும். அதனால் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் பென்சில் பிடிப்பார். பிறவி இடது கைக்காரர் அல்ல. மாங்காய் அப்படிப் பழக்கிவிட்டது.

"நேயர் தொடர்பு, சொல்லுங்க."

இலோயிலோ நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில், பத்தொன்பது வருடமாக இதே வாக்கியம். கூப்பிடுகிறவர்களில் இளையவர்கள் அவரை மானாங், அதாவது அக்கா என்பார்கள். மூத்தவர்கள் மகளே என்பதுபோல இண்டாய் என்று உரிமையோடு அழைப்பார்கள்; அவர்களில் ஆண்களை அவர் தியோ என்பார், பெண்களைத் தியா என்பார். எதிரே நான்கு கட்டம் போட்ட நோட்டு: பாராட்டு, கேள்வி, புகார், தவறான எண். எதிலும் சேராத பேச்சைப் புகாரில் சேர்க்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. விதியை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். விதி போகவில்லை.

பெர்லிங் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. "எட்டு மணி நேரம் அதப் பத்தியே கேக்குறேன். வீட்டுக்குப் போயும் அது மூஞ்சியில முழிக்கணுமா?" ஆனாலும் நிலையத்தின் எல்லாக் கதையும் அவருக்குத் தெரியும், பார்த்தவர்கள் வாய்வழியாக. "அந்தக் கெட்ட மாமியார் செத்துட்டாபோல. நேத்து முப்பது பேரு சந்தோஷமாக் கூப்பிட்டாங்க" என்பார் காவலாளியிடம். காவலாளி அன்றிரவு மறு ஒளிபரப்பில்தான் அதைப் பார்ப்பதாக இருப்பார்.

'சும்மாதான் கேட்டேன்' தொடரும் அவருக்கு அப்படித்தான் அறிமுகம். வியாழன் மாலை ஏழரைக்கு அரை மணி நேரம். பொயெத் என்ற ஒல்லி மனிதர் நிஜ மனிதர்களிடம் போய் ஒன்றுக்கும் உதவாத கேள்வி கேட்பார். முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தி வைத்த பிறகே ஏன் அரசியல் பேச ஆரம்பிக்கிறார்? கடற்கரையில் ஒதுங்கும் செருப்பெல்லாம் ஏன் ஒற்றையாகவே இருக்கின்றன? கேமராவுக்குப் பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். அது கேமராக்காரர் ஜுன்ரெல். முகத்தை யாரும் பார்த்ததில்லை. "சிரிச்சதுல பல் செட்டு குழம்புல விழுந்துடுச்சு, யாரு பொறுப்பு?" என்று ஒருவர் கூப்பிட்டார். பெர்லிங் அதைக் கேள்வி என்று பதிந்தார்.

தொடரின் கடைசி வாரம், எட்டு மணிக்கு முதல் அழைப்பு. மோலோவிலிருந்து செல்சோ பெரியவர்.

"இண்டாய், என் டிவி போயிடுச்சா? சத்தமே வரல."

"எப்போலேருந்து, தியோ?"

"அந்தக் கேமராக்காரன் நாற்காலில உக்காந்ததுலேருந்து."

அதை எழுதி முடிப்பதற்குள் அடுத்தது. "மானாங், அவன் சாப்பிட்டானா?"

"யாரு?"

"நீங்க பாக்கலையா? என்ன மானாங் நீங்க!"

ஒன்பது அழைப்புகளில் கதை சேர்ந்துவிட்டது. அந்த வாரக் கேள்வி, எல்லா வீட்டிலும் யாரும் உட்காராத ஒரு நாற்காலி ஏன் இருக்கிறது என்பது. ஒரு வீட்டில் அதில் துணி மலை. இன்னொரு வீட்டில் கால் உடைந்தது, வருகிற கடன்காரருக்கென்றே வைத்திருக்கிறார்களாம். ஊரே சிரித்தது. கடைசியாக மழைக்கு ஒதுங்க ஜுன்ரெலின் வீட்டுக்கே போகிறார்கள். சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, தூசியில்லாமல். "ஏண்டா, இதுல மட்டும் ஒரு துணிகூடப் போடல?" என்று பொயெத் சிரித்துக்கொண்டே கேட்கிறார். படம் ஆடுகிறது, கேமரா மேசைமேல் வைக்கப்படுகிறது. படச் சட்டத்துக்குள் பாதி உடம்பு மட்டும் வந்து அந்த நாற்காலியில் உட்கார்கிறது. "குவைத்துக்குப் போறதுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரி வாங்குனது. பதினோரு வருஷம்." மழையும் விட்டிருந்தது, அப்புறம் ஒன்றரை நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பொயெத், "சோறு வைக்கட்டுமா?" என்கிறார். முடிந்தது.

பாவியாவிலிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுல நாற்காலி இல்ல மானாங், கட்டில்ல ஒரு பக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒருவர் மூச்சு மட்டும் விட்டார். மொத்தம் நாற்பத்தேழு. பாராட்டு இரண்டு, கேள்வி இரண்டு. மீதி நாற்பத்து மூன்றும், 'சாப்பிட்டானா' உட்பட, நிலையத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்பதால் விதிப்படி புகாரில் விழுந்தன.

மறுநாள் காலை நிகழ்ச்சி மேலாளர் ஹெர்னானி நோட்டைப் புரட்டினார். "நாப்பத்து மூணு புகாரா! ஞாயித்துக்கிழமை மறுபடி போடும்போது அந்தக் கடைசி ஒன்றரை நிமிஷத்த வெட்டிடலாம். விளம்பரக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அது புகார் இல்ல சார்."

"உங்க கையெழுத்துதானே மானாங்?"

அவர் கையெழுத்துதான். பத்தொன்பது வருடத்தில் ஒரு எண்ணையும் அவர் அழித்ததில்லை. இப்போதும் அழிக்கவில்லை. மேலாளர் போனதும் மாங்காய்க் கிண்ணத்தை மூடி வைத்தார். நோட்டின் ஓரத்தில் குறித்திருந்த, கூப்பிட்டவர்களின் தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாகச் சுழற்ற ஆரம்பித்தார்.

"நேத்து கூப்பிட்டீங்களே. அத புகார்னு எழுதவா?"

"புகாரா? நான் என்ன கேஸா போட்டேன்? யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான்."

ஓத்தோனில் ஒரு கிழவி மட்டும் யோசித்தார். "எழுது இண்டாய். அந்தப் பையன் மேல வேணாம். கப்பலுக்குப் போனாரே எங்க வீட்டுக்காரர், அவர் மேல எழுது."

"அதுக்கு இங்க கட்டம் இல்ல, தியா."

செல்சோ பெரியவர் விடவில்லை. "டிவி நல்லாத்தான் இருக்கு. ஆனா என் புகார் புகார்தான். சோறு வைக்கட்டுமான்னு கேட்டான்ல? அவன் பதில் சொல்றதுக்குள்ள ஏன் முடிச்சீங்க?"

பெர்லிங் அதைச் சுருக்கி எழுதினார். சாயங்காலம் புதுத்தாள் மேலாளரின் மேசைக்குப் போனது. மொத்தப் புகார் ஒன்றே ஒன்று: முடிவு நீளம் போதவில்லை.

ஹெர்னானி இரண்டு தடவை படித்தார். "கூட்டணுமாம்ல!" என்றார். எதையும் வெட்டச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கதவருகே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்றார். பெர்லிங்குக்கு முகம் தெரியவில்லை.

"மானாங், நிறையப் பேரு கூப்பிட்டாங்களாமே. ரொம்பச் சிரிச்சாங்களா?"

அப்போதுதான் யாரென்று தெரிந்தது. பெர்லிங் நோட்டைத் திருப்பிப் பார்த்தார், பார்க்கத் தேவையில்லாமலே.

"நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க. பதினாறு பேரு."

ஜுன்ரெல் கதவுச் சட்டத்தை விரலால் தேய்த்தபடி நின்றார். "சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க" என்றார். படியேறிப் போனார்.

ஞாயிறு நான்கு மணிக்கு மறு ஒளிபரப்பு. வரவேற்பறையில் காவலாளியும் ஓட்டுநர்களும் தொலைக்காட்சி முன்னால் கூடியிருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பு சுவர் வழியாக வந்தது. "மானாங், இன்னிக்காவது வந்து பாருங்க" என்று காவலாளி குரல் கொடுத்தார். "போன் யாரு எடுக்குறது, உங்கப்பனா?" என்றார் பெர்லிங். கொஞ்ச நேரத்தில், பிரம்பு நாற்காலி வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது. பெர்லிங் நோட்டை விரித்து, பென்சிலைச் சீவிக் காத்திருந்தார். தொலைபேசி அடிக்கவில்லை. நிமிடம் ஒன்று ஆயிற்று.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ரீங்காரம் இருந்தது, இணைப்பு சரிதான். சத்தம் வராமல் மெதுவாக அதன் இடத்தில் வைத்தார்.