மூடியவன் பெயர்

1. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மியூசிக் டீச்சர் தன் வயலினைக் கொண்டுவந்தார். தடித்த கம்பியில் வில்லை வைத்தால் உள்ளே கரகரவென்று அதிர்ந்தது.
2. மேல்பலகையை நான் திறந்தேன். அடியில் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் கட்டை விட்டுப்போயிருந்தது. புதுக் கட்டை செதுக்கிப் பொருத்தினேன்.
3. அண்ணன் பலகையை ஒட்டி மூடினான். வச்சிரம் காய்ச்சாமல், கடையில் விற்கும் வெள்ளைப் பசையால்.
4. கத்திரி வெயிலில் பலகை பிளந்தது.
5. "பொண்ணு செஞ்ச வேலைமா, தெரியாம பண்ணிட்ச்சு" என்று அப்பா டீச்சரிடம் சொன்னார்.

முதல் நான்கும் எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியவை. ஐந்தாவதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் வயலின் செய்வதும் பழுது பார்ப்பதும் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. அம்பத்தூர் வீட்டில் முன்னறைதான் பட்டறை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் செதுக்கினாலும், யார் கழுத்தைப் பொருத்தினாலும், கடைசியில் மேல்பலகையை ஒட்டி மூடுகிறவன்தான் அந்த வேலையைச் செய்தவன். வருகிறவர்களிடம் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். பெண்கள் மூடக் கூடாது. அம்மா வில்லுக்கு முடி கட்டுவாள், பாலிஷ் போடுவாள், அவ்வளவுதான். நான் டிப்ளமோ முடித்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குப் போன பிறகு, சாயங்காலங்களில் பலகையைத் திறக்கவும் செதுக்கவும் விட்டார்கள். தயவு இல்லை. பலகையின் தடிமன் என் கைக்குப் பிடிபட்டது, அண்ணனுக்குப் பிடிபடவில்லை. மூடும் நேரத்தில் மட்டும் "தள்ளு" என்று அவன் வந்து உட்காருவான். நான் தள்ளிக்கொள்வேன்.

வச்சிரம் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. வெந்நீரில் வைத்து உருக்கினால் தெருவே நாறும். அண்ணனுக்கு அந்த நாற்றம் ஆகாது. ஆனால் வெயிலில் மரம் சுருங்கும்போது வச்சிரம் விட்டுக்கொடுக்கும். ஓரத்தில் ஒட்டு பிரியும், திரும்ப ஒட்டிவிடலாம். வெள்ளைப் பசை பிடித்த பிடியை விடாது. ஒட்டு பிரியாவிட்டால் பலகைதான் பிளந்தாக வேண்டும். இதை அவன் மூடுவதற்கு முன்பே சொன்னேன்.

"வேணாம்ணா. நான் வச்சிரம் காச்சித் தரேன்."

"எல்லாம் எனுக்குத் தெரியும். நீ உன் கம்பெனில போய் ஸ்கேல் வெச்சி அளந்துகினு இரு."

மே மாதத்தில் டீச்சர் திரும்பி வந்தார். திருநெல்வேலிக்காரர். பெட்டியைத் திறந்து காட்டினார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பொளந்து கெடக்கு! எங்கப்பா வாங்கிக் குடுத்ததுல்லா."

அப்போதுதான் அப்பா அந்த வாக்கியத்தைச் சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொம்பளப் பிள்ளட்ட ஏன் குடுத்திய? ஒங்க மவன் செய்வாருன்னுல்லா நம்புனேன்."

அண்ணன் ஒரு உளியை எடுத்து அதன் முனையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"மூடினது நான் இல்ல டீச்சர்" என்றேன்.

"நீ உள்ள போ" என்றார் அப்பா.

நான் போகவில்லை. அதனால் ஒன்றும் மாறவும் இல்லை. அப்பா ஒரு வயலினை இரவல் கொடுத்தார். டீச்சர் பிளந்ததை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மூடினவன் பேரத்தானப்பா சொல்லுவ? இன்னிக்கு மட்டும் இன்னா?"

"அவன் நாளைக்கு இதே பட்டறைல குந்தி சோறு துன்னணும். அவன் பேரு கெட்டா எவன் வருவான்? நீ வேலைக்குப் போற, நாளைக்கு கல்யாணம் கட்டிகினு போயிடுவ. உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

எத்தனையோ பலகைகள் செதுக்கியிருக்கிறேன். அவை நன்றாகப் பாடியபோது ஒருமுறைகூட என் பெயர் வாசலைத் தாண்டவில்லை. பிளந்த பலகையோடு மட்டும் அது ஆவடி வரைக்கும் போயிற்று. அடுத்த வாரமே வந்த ஒருவர், நான் எதிரில் நிற்கும்போதே, "பாப்பா கை வெக்காம பாத்துக்கோ நைனா" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பதாக இல்லை.

பிளவைச் சேர்த்து, உள்ளே சிறு மரத் துண்டுகள் வைத்து ஒட்ட வேண்டும். அண்ணன் ஒருநாள் முயன்றான். பலகையைப் பிரிக்கவே முடியவில்லை. அப்புறம் என்னிடம் வந்தான்.

"நீயே செஞ்சி குடுத்துடேன். உன் கைக்குத்தான் வரும்."

"செய்றேன். மொதல்ல டீச்சர் ஊட்டுக்குப் போய், மூடினது நீன்னு சொல்லிட்டு வா."

"இன்னா வெளையாடறியா? பொண்ணு பாத்துகினு கீறாங்க. இந்த நேரத்துல போயி…"

"ஆவடி இன்னா அமெரிக்காவா? ரயில் ஏறுனா போச்சு."

"அப்பா உட மாட்டாரு."

"அப்ப வரப்போற அண்ணியே வந்து ஒட்டட்டும்."

வீட்டில் என்னைக் கல்மனசுக்காரி என்கிறார்கள். டீச்சர் பாவம்தான், எனக்கும் தெரியும். அவருக்கு அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் தாங்கள் அல்ல என்பதுபோல என்னைக் கேட்கிறார்கள்.

வயலின் பிளந்தபடி பீரோ மேல் இருக்கிறது. டீச்சர் இரவல் வயலினில் பாடம் நடத்துகிறார். மூடினது அண்ணன் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் பலகையைத் தொடவில்லை.