முயல் பாய்ச்சல்

கூமாப்பட்டி மலையடிவாரத்தில் நல்ல நாய் எது என்று சொல்ல ஒரு கல்சுவர் போதும். நெஞ்சு உயரச் சுவரை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். இறங்கிய வேகத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி எம்பி எம்பி ஓட வேண்டும். அதற்கு 'முயல் பாய்ச்சல்' என்று பேர். அப்படிப் பாயும் கடுவன் இருக்கிற வீட்டுக்குப் பொட்டை நாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள்.

மாரீஸ்வரியின் சங்கு அப்படித்தான் பாயும். உச்சி முதல் வால் வரை வெள்ளை, ரோஜா நிற மூக்கு, அசல் ராஜபாளையம்.

மாரீஸ்வரி சோழபுரத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போனாள். இழை அறுந்த துணி அவள் தறியிலிருந்து வெளியே போனதில்லை என்று அந்தப் பட்டறையில் இன்றைக்கும் பேச்சு உண்டு. கூமாப்பட்டி தங்கச்சாமிக்கு வாக்கப்பட்டு வந்தபோது சீரோடு சீராக ஒரு வெள்ளைக் குட்டியையும் கயிற்றில் பிடித்து வந்தாள். அந்தக் குட்டி வளர்ந்து ஈன்றதுதான் சங்கு. அடுத்த ஈற்றில் பவுனு பிறந்தது. தாய் நாய் பாம்பு கடித்துச் செத்துப்போக, அண்ணனும் தங்கையுமாக இவை இரண்டும்தான் மிச்சம்.

மக்காச்சோளம் பால் பிடித்த சமயம். பொழுது சாயும் முன்பே ஒற்றைக் காட்டுப்பன்றி ஒன்று அவர்கள் சோளக்காட்டுக்குள் புகுந்து தட்டைகளை முறித்துக்கொண்டிருந்தது. சங்கு சுவரைத் தாண்டிப் பாய்ந்து அதன் காதைக் கவ்வியது. பன்றி உதறித் திரும்பியது. சங்குவும் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பின்பக்கம் மடங்கி, சோற்றுக்குக் காத்திருப்பதுபோல மண்ணில் உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் பன்றியின் கொம்புப் பல் தொடைச்சந்தில் ஏறி விலா வரை கிழித்தது. ஈரச் சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

பன்றி மறுபடி குத்த வந்தது. மாரீஸ்வரி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் மூஞ்சியில் இறக்கினாள். தங்கச்சாமி வேல்கம்பை விலாவில் பாய்ச்சினான். கம்பு முறிந்தது. பன்றி முறிந்த துண்டோடு ஓடைக்குள் இறங்கி மறைந்தது.

சங்குவின் குடல் சோளத்தட்டை மேல் கிடந்தது. அவள் அதை அள்ளி வயிற்றுக்குள் வைத்து, எப்போதும் பையில் கிடக்கும் பிறந்த வீட்டுப் பேண்டேஜ் சுருளால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். லோடு ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை சங்கு அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டே வந்தது. கால்நடை டாக்டர் ஞானபாக்கியத்தின் மேசையில் ஏற்றியதும் நக்குவது நின்றது.

"விட்டுருவோம்மா. போயிருச்சு" என்றார் டாக்டர்.

"அவன் சறுக்கலை டாக்டரம்மா. உக்காந்துட்டான். ஏன் உக்காந்தான்?"

டாக்டர் அவளை ஒரு முறை பார்த்தார். செத்த நாய்க்கு எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, தொடை எலும்பின் உருண்டைத் தலை பதிந்து உட்கார வேண்டிய இடுப்புக் குழி, இரண்டு பக்கமும் தட்டுப் போல மேலோட்டமாக இருந்தது.

"பிறவிக் கோளாறு. தசையில பலம் இருக்கவரைக்கும் சுவரு தாண்டும். வலிக்கிறதாலதான் காலைச் சேத்துச் சேத்து ஓடும். நீங்க அதைப் பெருமைன்னு சொல்லுதீங்க."

"இவன் தங்கச்சி ஒருத்தி இருக்கா."

"அப்ப அவளுக்குப் பாக்காம கிராஸ் போடாதீங்க. ரெண்டு வயசு முடியட்டும். முன்னாடியே எடுத்தா மூட்டு வளந்து முடிஞ்சிருக்காது, கோளாறு தப்பிச்சுக்கும். பருவத்துல இருக்கும்போதும் வேண்டாம், அப்ப மூட்டு தளந்து காட்டும். அடங்கி ஒரு மாசம் போகட்டும். மயக்கம் குடுத்து, மல்லாத்திப் போட்டுக் காலை நீட்டி எடுக்கணும். சேக்கப் போற கடுவனுக்கும் இதே கணக்குத்தான்."

ஒரு தடவை கேட்டதை மாரீஸ்வரி மறப்பதில்லை.

பவுனு இரண்டாம் முறை பருவத்துக்கு வந்தபோது அதற்கு இரண்டு வயது முடியவில்லை. அதற்குள் தங்கச்சாமி டீக்கடையில் வ. புதுப்பட்டி காமராஜிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். காமராஜ் மாந்தோப்புக்காரர். அவருடைய கடுவன் கட்டாரிக்கு அந்த வட்டாரமெல்லாம் குட்டிகள்.

அவர் கட்டாரியோடு வாசலில் வந்து நின்றார். மாரீஸ்வரி பவுனுவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இப்ப இல்லை. படம் எடுத்துப் பாத்துட்டுத்தான்."

"நாய்க்குப் படமா? பொண்ணு பாக்க வந்தா போட்டோ கேப்பாக, நீ எலும்பைப் படம் எடுக்கச் சொல்லுதியே! ஏலே தங்கச்சாமி, உம் பொண்டாட்டி என்னலே பேசுதா?"

தங்கச்சாமி திண்ணையோரம் நகர்ந்து நின்றான். காமராஜ் அவளிடம் திரும்பினார்.

"ஏட்டி, தள்ளு. ஆம்பளை குடுத்த வாக்கு."

"நாய் என்னுது அண்ணாச்சி. வாக்கு யாருதோ, அவுகளைக் கூட்டிட்டுப் போங்க."

காமராஜ் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கதவை உதைத்தார். தாழ்ப்பாள் பிய்ந்தது. கட்டாரி உள்ளே பாய்ந்தது. பவுனு சம்மதிக்கவில்லை. மூலையில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு அதன் மூஞ்சியைக் கடித்தது. கட்டாரி பவுனுவின் காதைக் கவ்வி உலுக்கியது. மாரீஸ்வரி இரண்டுக்கும் நடுவே விழுந்தாள். கட்டாரியின் பல் அவள் முழங்கையில் இறங்கி எலும்பில் நின்றது. மற்ற கையால் உலக்கையை எட்டி எடுத்து அதன் தோளில் அடித்தாள். நாய் ஊளையிட்டபடி வெளியே ஓடியது.

"என் நாயையா அடிச்ச!" காமராஜ் அறைந்த அறையில் அவள் உதடு கிழிந்தது.

அதுவரை கல்லாக நின்ற தங்கச்சாமி அவர் சட்டைக் காலரைப் பிடித்து வாசற்படியில் மோதினான். ஒரு முறை. இன்னொரு முறை. பல் ஒன்று படியில் உருண்டது.

"வாக்குக் குடுத்தது நான். அவளைத் தொட உமக்கு யாருய்யா வாக்குக் குடுத்தா?"

"விடுங்க" என்றாள் மாரீஸ்வரி. "செத்தாருன்னா கட்டாரியைப் பாக்க ஆளில்லை."

பருவம் அடங்கியது. இரண்டு வயதும் முடிந்தது. பவுனுவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனாள். மயக்கத்தில் நாக்கு வெளியே தொங்க மல்லாந்து கிடந்தது பவுனு. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். அவர் வாய் திறக்குமுன்பே மாரீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அதே தட்டு. இடது பக்கம் சங்குவுடையதைவிட மோசம்.

அவள் கொண்டுவந்த குட்டியின் வழி அவள் வீட்டில் அந்த மேசையோடு முடிந்தது.

"கருப்பையை எடுத்துருங்க டாக்டரம்மா. யாரும் கதவை உடைக்க வேண்டாம்" என்றாள்.

பவுனுவின் தையல் காய்ந்தபின், படத்தை உறையோடு எடுத்துக்கொண்டு தனியாகவே வ. புதுப்பட்டிக்கு பஸ் ஏறினாள். தோப்பு வாசலில் காமராஜ் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் முழங்கைத் தழும்பைப் பார்த்ததும் அவர் நாக்கு தானாகவே பல் போன ஓட்டைக்குப் போனது.

"என்ன, மன்னிப்புக் கேக்க வந்தியாக்கும்?"

"இல்லை அண்ணாச்சி. என் பவுனுக்கு இடுப்பு ஆகாது. குட்டி வேண்டாம்னு அறுத்தாச்சு. உங்க கட்டாரியையும் ஒரு படம் எடுத்துருங்க. ஊரெல்லாம் அவன் பிள்ளைகதான்."

காமராஜ் சிரித்தார். சீழ்க்கை அடித்தார். கட்டாரி தோப்புச் சுவரை ஒரே தாவலில் தாண்டி இறங்கி, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து எம்பி எம்பி ஓடி வந்தது.

"பாத்தியா? முயல் பாய்ச்சல்! இதுக்கு மேல என்னட்டி படம்?"

"சங்கும் இப்படித்தான் பாஞ்சான். இடுப்பை அமுக்கிப் பாருங்க."

வீம்புக்குத்தான் குனிந்தார். தொடை மூட்டில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கட்டாரி அலறியது. திரும்பி அவர் கையைக் கவ்வியது. குட்டியிலிருந்து அவர் கையில் தின்று வளர்ந்த நாய். அவர் காலை ஓங்கினார். அது ஓடவில்லை. பின்பக்கம் மடங்கி, மண்ணில் உட்கார்ந்திருந்தது.

ஓங்கிய கால் மெல்லத் தரைக்கு வந்தது.

மாரீஸ்வரி பையிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து அவர் கையைப் பிடித்துச் சுற்றினாள். ரத்தம் ஊறி ஊறி வந்தது. இறுக்கிச் சுற்றினாள்.

"அந்த டாக்டரம்மா," என்றார் காமராஜ், நாயைப் பார்த்தபடியே, "நாளைக்கு இருப்பாகளா?"