மலேயாக்காரர் வீட்டு விருந்து

காலை ஏழேகாலுக்கு விழுப்புரத்தில் கிளம்பிய பேருந்து, அறுபத்து மூன்று கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்து ஒன்பதேகாலுக்கு என்னைத் திருவண்ணாமலையில் இறக்கிவிட்டது. பௌர்ணமி முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்ததால் ஊர் நெரிசல் இல்லாமல் இருந்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் அறுபது ரூபாய்க்குப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போனேன்.

"அடி அண்ணாமலை போகணும்."

"கோயிலுக்காம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லங்க. ஒரு வீட்டைத் தேடிப் போறேன். ரெண்டு பேரோட பேரு மட்டும் தெரியும், அட்ரஸ் தெரியாது."

"முந்நூறு குடுங்க. தேடறதும் சேத்துதான்."

ஜாஸ்தி என்றேன். இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். செங்கம் சாலையில் ஆசிரமப் பகுதியைத் தாண்டும்போது, யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

நான் நாகப்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக சிங்கப்பூர் போனவர். அங்கே ஜப்பானியரிடம் பிடிபட்டார். கைதிகளை வேறொரு தீவுக்கு வேலைக்குக் கொண்டுபோன சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு அவரையும் அடைத்தார்கள். நடுக்கடலில் அந்தக் கப்பலை ஒரு நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. அது எதிரியின் நீர்மூழ்கி அல்ல. தாத்தா எந்தப் பக்கத்துக்காகத் துப்பாக்கி பிடித்தாரோ அந்தப் பக்கத்தது.

ஏணி உடைந்து விழுந்துவிட்டது. மேல் திறப்போ இரண்டு ஆள் உயரத்தில். அப்போது அண்ணாமலை என்ற நெட்டையான சிப்பாய் சுவரோடு சாய்ந்து நின்று, "எனக்கு நீச்சல் தெரியாது. தெரிஞ்சவன்லாம் என் தோள்ல ஏறிப் போங்கடா" என்று கத்தினாராம். ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேர் ஏறினார்கள். பதினோராவது ஆள் என் தாத்தா. பன்னிரண்டாவது ஆள் ஏறவில்லை.

ஊருக்குத் திரும்பிய தாத்தா தன் மகனுக்கு அண்ணாமலை என்று பெயர் வைத்தார். ஆனால் அந்த மனிதரின் வீட்டுக்கு மட்டும் போகவேயில்லை. ஊர் அடி அண்ணாமலை, மனைவி பேர் காசியம்மாள் என்று மட்டும் தாத்தா அடிக்கடி சொல்வார். அவர் தோளில் கால் வைத்து வந்தவன், அந்த அம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பார். தாத்தா போய் முப்பது வருடம் ஆகிறது. அப்பாவுக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் நான் கிளம்பினேன்.

ஓட்டுநர் வண்டியை வேகப்படுத்தினார். பிறகு, "கிடைச்சிடும்மா, கவலப்படாதீங்க" என்றார்.

பத்தே முக்காலுக்கு அடி அண்ணாமலையில் ஒரு பூக்கடையில் விசாரித்தோம். மிலிட்டரிக்குப் போன அண்ணாமலை, மனைவி காசியம்மாள் என்றதும் பூக்காரம்மா சிரித்தார்.

"மலேயாக்காரர் வீடா? அதோ பந்தல் போட்டு ஸ்பீக்கர் அலறுது பாருங்க. பேத்திக்குக் காது குத்தறாங்க."

"மலேயாவா?"

"போருக்குப் போன மனுஷன் அங்கயே ஒருத்திய கட்டிக்கினு இருந்துட்டாருனு சொல்லுவாங்க. அதான் அந்தப் பேரு."

எண்பது வருடமாக அந்த வீட்டுக்கு இதுவா பெயர்?

பந்தலில் வாழைமரம் கட்டி, நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். குழந்தை காது குத்திய கோபத்தில் வீறிட்டு அழ, தாய்மாமன் அதன் வாயில் சர்க்கரையைத் திணித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற உயரமான மனிதரிடம் போனேன். பெயர் ஏழுமலை, வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டுகிறவர். அண்ணாமலையின் மகன் வயிற்றுப் பேரன், காது குத்திய குழந்தையின் தாத்தா. நான் யாரென்று கேட்காமலே, "வாங்க வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணுங்க. உங்க தாத்தாவப் பத்தி."

அவர் முகம் இறுகியது. "அங்க அவருக்குப் பசங்க இருக்காங்களா? சொத்து கேக்க வந்தீங்களா?"

"இல்லங்க. அவரு மலேயாவுல யாரையும் கட்டிக்கல."

உள்ளறையில் அவரையும் அவர் மனைவி வசந்தாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று என்று சொன்னபோது ஏழுமலை தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காணலன்னு ஒரே ஒரு தாளு வந்துச்சு. அப்புறம் திரும்பி வந்த எவனோ அவரை அங்க பாத்தேன்னான். ஊரே புடிச்சிக்கிச்சு" என்றார். "எங்க ஆயா காசியம்மா ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லீங்க. எவளாவது மலேயாக்காரினு சொல்லிடுவாளோனு. பொட்டு மட்டும் சாவற வரைக்கும் அழிக்கல. அவரு அப்பிடிப்பட்டவரு இல்லனு சொல்லிக்கினே செத்துப்போச்சு."

பிறகு, "அந்தக் கப்பல அடிச்சது நம்ம ஆளுங்கதானா? உள்ள கைதிங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. கப்பல் மேல எந்த அடையாளமும் இல்லையாம்."

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அவனுங்க தெரியாம அடிச்சானுங்க. இந்த ஊருல நம்மள நல்லாத் தெரிஞ்சவங்கதான வாயால அடிச்சாங்க? எழுந்திருங்க. போய் சொல்லுங்க எல்லாருக்கும்."

ஏழுமலை எழுந்து நேராகப் போய் ஸ்பீக்கர்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. அவருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை.

"சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா ஓடிப்போகல! கேட்டுக்குங்க, ஓடிப்போகல! பதினோரு பேரத் தோள்ல ஏத்தி உட்டுட்டு செத்துட்டாரு. அதுல ஒருத்தரோட பேத்தி நாகப்பட்டினத்துலருந்து வந்திருக்காங்க. இவங்கதான்!"

நூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. முதலில் ஒரு விசில். அப்புறம் கைதட்டல். மேளக்காரர்கள் கேட்காமலே அடிக்க ஆரம்பித்தார்கள். இழவுச் செய்திக்கு இப்படி ஒரு ஆட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. ஏழுமலை துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. பூக்கடைக்காரம்மா ஓடிவந்து வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் வாய் தவறி சொல்லியிருக்கேன்டி, மனசுல வெச்சிக்காத" என்று சொல்லி, கையிலிருந்த முழுப் பூச்சரத்தையும் அவர் தலையில் வைத்தார். ஆட்டோ ஓட்டுநர் போகாமல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மாலை நான்கரைக்குத்தான் என்னை விட்டார்கள். ஆட்டோவில் எனக்கு இடமில்லாத அளவுக்கு மணிலாக்கொட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலை ஒரு மூட்டை, பூசணிக்காய், ஒரு தூக்கு பாயசம். இருநூற்றைம்பதை ஓட்டுநர் வாங்க மறுத்துவிட்டார். ஏழுமலை பேருந்து நிலையம் வரை பைக்கில் கூடவே வந்து, இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார்.

பேருந்து கிளம்பியதும் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "நம்ம மேல கோவமா இருக்காங்களாம்மா?"

"அடுத்த மாசம் பதினெட்டு பேரு வேன் எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வர்றாங்கப்பா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழுபத்தெட்டு வயதில் அவர் அழுவதைக் கேட்க வேண்டாம் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். பிறகு குரல் வந்தது.

"பதினெட்டு பேரா? பாய் பத்தாதே. மீன் சாப்பிடுவாங்களா?"

"கேக்கலப்பா."

"அதக் கேக்காமயா வந்த? கேட்டுச் சொல்லு."

வேட்டவலம் தாண்டும்போது ஏழுமலையை அழைத்தேன். கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டாரிடம் நீட்டியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு வீடே கத்தியது:

"சாப்பிடுவோம்!"