மெழுகுப் பிள்ளை

நவி மும்பை நெருள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தயிருக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுக் குழந்தை படுத்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. மாஹிம் சர்ச் வாசலில் என் மாமியார் வாங்கி வந்த பொம்மை அது. புதன்கிழமை நான் அதைப் பிள்ளை வரம் கேட்டு மாதாவிடம் வைக்க வேண்டும். "உருகிடாம பாத்துக்கோம்மா" என்றிருந்தார்.

எடுத்து முகர்ந்தேன். நான் வளர்ந்த தாராவியின் வாசனை.

அங்கே பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கையில் தர்கா கயிறு, சாமிப் படத்தடியில் கோயில் தொட்டில். பிள்ளை வரம் என்றால் அவள் மாமியார் எந்தச் சாமியையும் விட்டதில்லை. அங்கிருந்த மெழுகுக் குழந்தையை எட்டு வயதில் நான் எடுத்து விளையாடி, தகரக் கூரைமேல் தூங்கவைத்தேன். மதியத்துக்குள் முகம் வழிந்துவிட்டது.

"இவ கை பட்டா மெழுகுப் புள்ளகூடத் தங்காது!" என்று அந்த மாமியார் அக்காவைக் காட்டித் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"ஏட்டி, சொல்லிராத. உன்னய அடிப்பாவ. எனக்குப் பழகிட்டு."

இப்போது என் சமையலறை ஜன்னலில் நல்ல வெயில். குழந்தையை அங்கே கிடத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். நெற்றி பளபளக்கத் தொடங்கியது. சட்டென்று எடுத்து, முந்தானையால் துடைத்து, தயிருக்குப் பக்கத்திலேயே திரும்பப் படுக்கவைத்தேன்.