இடது கை விட்ட இடம்

இது நடந்தது. நான் நுண்ணுயிரியல் படித்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முடிவில் சந்தேகம் வந்தால் அதே மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது எங்கள் பழக்கம். இதையும் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முடிவு மாறவில்லை.

காலையில் பரிசோதனைக் கூடம். மதியத்துக்கு மேல் இசைக் கல்லூரி. அங்கே சமகாலப் பியானோ படிக்கிறேன். ஜாஸ், பாப், திரைப்படங்களுக்குப் பின்னால் ஓடும் இசை எல்லாம் அதில் வரும். தங்கியிருப்பது அக்கா வீட்டில். பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்க அந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் மறுபடி கீபோர்ட். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வேன். அப்படியும் அக்கா ஒருநாள் கேட்டாள்.

"ராத்திரியில என்னடி அது, தும் தும்னு? மாவு ஆட்டுறியா?"

"கட்டைய அழுத்துற சத்தமா இருக்கும்க்கா."

"மெதுவா அழுத்து. உங்க மாமா கனவுல லாரி ஓட்டுறாராம்."

சிரித்தோம். அதோடு மறந்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு தேர்வு மட்டும் கைகூடவில்லை. குழுவோடு வாசிப்பது. அதில் பியானோக்காரருக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டுக்கும், அடியில் ஒரு சுரம் இருக்கும். அதற்கு ரூட் என்று பெயர். வீட்டுக்குத் தரை மாதிரி. அதை இடது கை தொடக்கூடாது. தாழ்ந்த சுரங்களுக்கான கருவியான பாஸ் வாசிப்பவருடைய இடம் அது. பாஸ் வாசிக்க ஆள் இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் அந்த இடத்தைக் காலியாகவே விட வேண்டும். தரையில்லாத வீட்டில் நடப்பதுபோல இருக்கும்.

இரண்டு தடவை, பாஸ் வாசிக்க ஆள் கிடைக்காமல், தேர்வில் தனியாக வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் தேறவில்லை என்றார்கள். ரூட்டை வாசித்துவிட்டேனாம். வாசித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த அலுப்பில் என் கை என்ன செய்தது என்று நானே எப்படி உறுதி சொல்வது?

மூன்றாவது தடவையும் போனால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஆசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார். எந்நேரமும் விரலால் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர், தாளம் தட்டும் கருவியின் பெயரான மெட்ரோனோம்.

தேர்வுக்கு முந்தைய வாரம், தாழ்வாரத்தின் கடைசிப் பயிற்சி அறை எனக்குக் கிடைத்தது. ஒரு பழைய பியானோ, ஒரு நாற்காலி, நடுங்கும் குழல்விளக்கு. வாசித்ததைச் செல்போனில் பதிந்து மெட்ரோனோமுக்கு அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் கூப்பிட்டார்.

"மறுபடியும் ரூட்டத் தொட்டிருக்க."

"இல்ல மேடம்."

"அப்ப அது யாரு கை? எங்க மாமியாரோடதா?"

வகுப்பே சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பதில் பேச வராது.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து பதிவைக் கேட்டேன். உண்மைதான். என் கார்டுகளுக்கு அடியில் ஒரு தடித்த, தணிந்த அதிர்வு... பியானோ இல்லை அது. டபுள் பாஸ். ஆள் உயரத்துக்கு நிற்குமே, அந்தக் கருவி.

அப்பாடா என்றிருந்தது. பக்கத்து அறையில் யாரோ பயிற்சி செய்கிறார்கள், சுவர் வழியாகப் பதிவாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

வாசிக்கத் தொடங்கினேன். அதுவும் தொடங்கியது. நேராகவே கேட்டது, இடப்பக்கச் சுவரிலிருந்து.

தும்... தும்... தும்...

நான் விட்ட இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. நான் தடுமாறினால் காத்திருந்தது. நிறுத்தினால் நிறுத்தியது. முகம் தெரியாத யாரோ என் சோர்வுக்குத் தோள் கொடுப்பதுபோல இருந்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக, வாசிக்கும்போது நான் தனியாக இல்லை. சுவரைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றேன். என் சுபாவத்துக்கு அதுவே பெரிய பேச்சு.

மூன்று மாலைகள் அப்படிப் போயின. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அந்த ஆள் தனியாக எதுவுமே வாசிப்பதில்லை. சுருதி சேர்ப்பதுகூட இல்லை.

தேர்வுக்கு முந்தைய மாலை. காலை முழுவதும் ஊசி குத்திக் குத்தி என் விரல்கள் மரத்திருந்தன. ஒரு கார்டை அழுத்திப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது கை கட்டையின் மேலேயே இருந்தது.

கார்டுக்கு அடியில் பாஸ் ஒலித்துக்கொண்டிருந்தது.

நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு சுரம் இறங்கியது. இன்னொன்று. இடது கையில் இரண்டே கட்டைகள். அடியில் ரூட் மாறினால் அதே இரண்டு கட்டைகள் வேறொரு கார்டாகிவிடும். வகுப்பில் படித்ததுதான். ஆனால்...

என் விரல் அசையவில்லை. பாட்டு மாறிவிட்டது.

எனக்குத் தெரியாத பாட்டு.

என் வலது கை அதைத் தொடர்ந்தது. எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து அறைக் கதவில் சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன்.

உடைந்த நாற்காலிகள். தரையிலிருந்து கூரை வரை. கதவை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். ஒரு ஆள் நிற்க இடமில்லை.

சத்தம் நின்றது.

பையை எடுக்கத் திரும்பி வந்தேன். பியானோவின் பக்கத்தில் போனேன். தொடவில்லை.

தும்.

முதல் தடவையாக... எனக்கு முன்பே.

பையை விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் மதியம் தேர்வு. போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் படிப்பு போய்விடும். போனேன்.

இந்தத் தடவை எனக்குப் பாஸ் வாசிக்க ஆள் இருந்தான். என் வகுப்புப் பையன். கழுத்தை நீட்டிக் குனிந்து வாசிப்பதால் ஒட்டகம் என்று கூப்பிடுவோம்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான்.

"தூக்கமில்ல."

"இங்க யாருக்கு இருக்கு? வா, முடிச்சிட்டுப் போய்த் தூங்கலாம்."

வெளிச்சமான அறை. தேர்வாளர்கள் நான்கு பேர் எதிரில். வாசித்தோம். பாட்டின் முதல் சுற்று நன்றாகப் போனது. இடது கை இடம் விட்டது. அடியில் பாஸ் நிறைந்தது. இரண்டாவது சுற்றில் இன்னும் நிறைந்தது. நன்றி சொல்லத் தலையைத் திருப்பி ஒட்டகத்தைப் பார்த்தேன்.

அவன் இரண்டு கைகளும் கீழே தொங்கின.

பாஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்த மெட்ரோனோம் எழுந்து நின்று கைதட்டினார். "இப்பதான்மா இடம் விட்டிருக்க," என்றார். தேறிவிட்டேன்.

ஒட்டகத்தை வெளியே படிக்கட்டில் பிடித்தேன். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் நிறுத்தின?"

"எங்க வாசிக்கிறது?"

"என்னது?"

"விரல் வைக்கப் போன இடத்துல எல்லாம்... ஏற்கெனவே விரல் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவன் என்னோடு வாசித்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இரண்டு வாரம் கழித்து மெட்ரோனோம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தேர்வுகளில் எங்கள் கைகளுக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். நான் தவறிய இரண்டு தேர்வுகளின் காணொளியையும் கணினியில் திறந்தார். ஒரு தவறு எப்படித் திருந்தியது என்று புது மாணவர்களுக்குக் காட்டப் பழைய பதிவைத் தேடி எடுத்தாராம்.

"உன் இடது கையப் பாரு," என்றார்.

பார்த்தேன். இரண்டு கட்டைகள். அவ்வளவுதான். ரூட்டின் பக்கமே என் விரல் போகவில்லை. இரண்டு தேர்விலும்.

சத்தத்தைக் கூட்டினார்.

தும்... தும்...

அவர் விரல் மேசையில் தட்டுவதை நிறுத்தியிருந்தது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்தத் தேர்வுகள் நடந்தபோது கடைசி அறைக்குள் நான் கால் வைத்ததுகூட இல்லை.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் கேட்டேன்.

"அந்தத் தும் தும் சத்தம்... எப்பலேர்ந்துக்கா கேக்குது?"

"நீ இங்க வந்ததுலேர்ந்துதான். ஏன்டி?"

"சும்மா."

"நேத்து ராத்திரி மட்டும் நல்லா இருந்துச்சு. விடிய விடிய வாசிச்சியே, அது என்ன பாட்டு?"

நேற்று நான் கீபோர்டைத் தொடவே இல்லை. வேலை அலுப்பில் உடை மாற்றாமல்கூடப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் விழித்தபோது இடது கை தலையணைமேல் இருந்தது. இரண்டு விரல்கள் மட்டும் அழுத்தியபடி.

அடியில் இடம் விட்டு.