இடிக்க ஒரு மனு, காக்க ஒரு மனு

நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு நூலகத்தைப் பெரிதாக்கச் சொல்லும் மனுவை நான்தான் டைப் அடித்தேன். அதை இடிக்கவே கூடாது என்ற மனுவையும் நான்தான் அடித்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, காலை வேளையில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு தரப்பும் வந்தார்கள். இரண்டு மனுவும் ‘பொதுமக்களாகிய நாங்கள்’ என்றே தொடங்கின. அந்தப் பொதுமக்களில் நானும் சேர்த்தியா என்று இருவருமே கேட்கவில்லை.

இடிக்கச் சொன்னவர் வாசகர் வட்டத் தலைவர், சிமென்ட் கடை வைத்திருப்பவர். “மேல அவ்ளோ பெரிய கோட்டை நிக்குது. இது இன்னா பழசு? நேத்து கட்டுனது” என்பார். இந்த ஊரில் அதுதான் தொல்லை. கோட்டையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு வேறெதுவும் பழையதாகத் தெரியாது. காக்கச் சொன்னவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். “கோட்டையும் ஒருநாள் நேத்து கட்டுனதாத்தான் இருந்திருக்கும்” என்றார். எனக்கு அது பிடித்துப்போய், மனுவில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அதிகாரி கோபித்துக்கொள்வார், வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு வேண்டியதெல்லாம் படிக்க ஓர் இடம். அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அரிசி மில்லில் ராத்திரி வாட்ச்மேன், பகலில்தான் தூங்குவார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை, ராத்திரியில் அதில் மற்றவர்கள் தூங்குவார்கள். லைட் போட முடியாது, பகலில் பக்கம் புரட்டினால்கூட நைனா புரண்டு படுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குரூப் டூ பரீட்சைக்கு நான் எங்கே போய்ப் படிப்பது? நூலகத்திலும் ஒரே ஹால்தான். அவலூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பெண்கள் துப்பட்டா போட்டு நாற்காலி பிடித்துவிடுவார்கள். கடை வேலை முடிந்து போகும் எனக்குப் பல நாள் தரைதான் கிடைக்கும்.

தரையில் உட்கார்ந்தால் சன்னல் வழியே அந்தக் கட்டடம் தெரியும். சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அது என்ன கட்டடமாக இருந்திருக்கும் என்ற யோசனையிலேயே பாதி நேரம் போய்விடும். சிமென்ட் கடைக்காரர் உப்புக் கிடங்கு என்றார். ஆசிரியர், வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கிய பங்களா என்றார். நூலகர் அம்மாவைக் கேட்டதற்கு, “எதுவா இருந்தா இன்னா? உள்ள பாம்பு இருக்குது” என்று பேச்சை முடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வேறு இடமே இல்லாத மாதிரி எங்கள் ஹாலில் வைத்தார்கள். வாசகர்களுக்கு இடம் போதவில்லை என்று பேசுவதற்காக வாசகர்களை வெளியே அனுப்பினார்கள். வெளியே நின்றால் மழை பிடித்துக்கொண்டது. பழைய கட்டடத்தின் கதவைத் தள்ளினோம். துருப்பிடித்த கொண்டி கையோடு வந்துவிட்டது.

உள்ளே பாம்பும் இல்லை, உப்பும் இல்லை. முன் அறையில் கூரை பெயர்ந்து தண்ணீர் கொட்டியது. பின் அறை காய்ந்து கிடந்தது. ஆள் உயரச் சன்னல். அத்தனை மழையிலும் புத்தகம் படிக்கும் அளவுக்கு வெளிச்சம். சுவரில் நிறைய ஆணிகள் இருந்தன. யார் எதை மாட்டினார்களோ தெரியவில்லை. சன்னலடியில் உட்கார்ந்து, யாரும் எழுப்பிவிடாமல், அன்றைக்குப் படித்த மாதிரி நான் அந்த வருஷத்தில் படித்ததே இல்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி குடையோடு கட்டடத்தைப் பார்வையிட வந்தபோது நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

“பாருங்க சார், நல்லா பயன்படுது!” என்றார் ஆசிரியர்.

“பாருங்க சார், புள்ளைங்களுக்கு இடமே இல்ல!” என்றார் சிமென்ட் கடைக்காரர்.

இரண்டு பேரும் எங்களைத்தான் கையால் காட்டினார்கள். அப்போது முன் அறையில் ஒரு பத்தைச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அதிகாரி என்னிடம், “நீ சொல்லும்மா” என்றார். இரண்டு தரப்பு வாதமும் எனக்கு மனப்பாடம். வாயில் வந்ததோ வேறு. “கூட்டத்த வேற எங்கனா வைங்க சார். எங்க ஹால எங்களுக்கு வுடுங்க. பரீட்சை இருக்குது.”

ஹாலை விட்டார்கள். பழைய கட்டடத்துக்குப் புதுப் பூட்டும் போட்டார்கள்.

மறுநாள் சிமென்ட் கடைக்காரர் கூட்ட அறிக்கையை டைப் அடிக்கக் கொண்டுவந்தார். ‘மாணவிகளே அக்கட்டடத்தில் இருக்க மறுத்துவிட்டனர்’ என்று ஒரு வரி இருந்தது. என் விரல் நின்றுவிட்டது.

“நான் இப்டி சொல்லலியே சார்.”

“வேற இன்னா சொன்ன?”

“ஹால வுடுங்கன்னுதான் சொன்னேன். இது இடிக்கச் சொன்ன மாதிரி இருக்குது.”

“அப்ப இடிக்க வேணாம்ங்கறியா?”

அந்தக் கூரையும் கண்முன் வந்தது, அந்த வெளிச்சமும் வந்தது. “இடிங்க, இடிக்காம போங்க. அந்த சன்னல் எனக்கு வேணும் சார்” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.